ஆர்.இ.எம்.-இன் ‘மான்ஸ்டர்’ ஆல்பத்தைப் பற்றி ஏன் இத்தனை சண்டை?

கேள்வி இதுதான்: ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ ரொம்பப் பிடித்துப்போய், அடுத்து வந்த ‘மான்ஸ்டர்’ ஆல்பத்தைப் போட்டால் ஒரே இரைச்சல், பாடுபவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. ஆனால் சிலர் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் பழைய சிடி கடையில் சீந்துவாரில்லாமல் கிடக்கும் குப்பை என்கிறார்கள். யார் சொல்வது சரி, எந்தப் பதிப்பைக் கேட்க வேண்டும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஆல்பம், சில இடங்களில் ரொம்பவே நல்ல ஆல்பம், 1994-இல் வந்த பழைய மிக்ஸில்தான் (மிக்ஸ் என்றால் குரலையும் வாத்தியங்களையும் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று கலந்து அமைப்பது) அது அதுவாக இருக்கிறது, 2019-இல் வந்த ரீமிக்ஸில் இல்லை. ஆனால் உங்கள் காதும் தப்பாகக் கேட்கவில்லை. அந்த இரைச்சலையும் குரல் அமுங்கிக் கிடப்பதையும் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். ஒருவர் எந்த ஆல்பம் வழியாக இந்தக் குழுவிடம் வந்து சேர்ந்தாரோ, அதை வைத்தே ‘மான்ஸ்டர்’ பற்றி அவர் என்ன சொல்வார் என்று பெரும்பாலும் கணித்துவிடலாம், நான் பேசிப் பார்த்தவரை இது பொய்த்ததே இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980-இல் ஆரம்பித்த குழு. பாடகர் மைக்கேல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெர்ரி. 1983-இல் வந்த முதல் முழு ஆல்பம் ‘மர்மர்’. அதைக் கேட்டுப் பாருங்கள், ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று பாதிக்கு மேல் பிடிபடாது, வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருப்பார், குரல் கிட்டாருக்கு நடுவில் இன்னொரு வாத்தியமாகவே கிடக்கும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் 1986-இல் ‘லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்’ ஆல்பத்துக்கு டான் கேமன் தயாரிப்பாளராக வந்து, வாயைத் திறந்து பாடச் சொல்லி ஸ்டைப்பை முன்னால் தள்ளினார். 1987 முதல் ஸ்காட் லிட் கூட்டுத் தயாரிப்பாளர், ஆல்பத்துக்கு ஆல்பம் குரல் தெளிந்துகொண்டே போனது. 1991-இல் ‘அவுட் ஆஃப் டைம்’, மாண்டலின் அடித்துக்கொண்டு உலகமெல்லாம் சுற்றிய ‘லூஸிங் மை ரிலிஜன்’, 1992 அக்டோபரில் ‘ஆட்டோமேட்டிக்’. இந்த இரண்டிலும் ஸ்டைப் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களிடம் மட்டும் பேசுவதுபோல இருக்கும். கோடிக்கணக்கானவர்கள் அந்தக் குரலுக்காகத்தான் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களின் கையில்தான் 1994 செப்டம்பர் 27 அன்று ‘மான்ஸ்டர்’ கிடைத்தது.

குழுவின் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்தால் அது ஒன்றும் திடீர்க் கிறுக்கு இல்லை. 1989-க்குப் பிறகு அவர்கள் டூர் போகவே இல்லை. இரண்டு பிரம்மாண்டமான ஆல்பங்கள் விற்றுக்கொண்டிருக்க, ஒரு இசைப்பயணமும் கிடையாது. 1993 ஆரம்பத்தில் மெக்சிகோவின் அகபுல்கோவில் நான்கு பேரும் கூடி, மறுபடி டூர் போவது, அதற்கு ஏற்றமாதிரி சத்தமான ராக் ஆல்பம் ஒன்று செய்வது என்று முடிவெடுத்தார்கள். முன்னிரண்டு ஆல்பங்களில் டிரம்ஸுக்கு வேலை குறைந்துபோயிருந்ததால் பெர்ரிக்கு இதில் கூடுதல் ஆர்வம். பதிவின் ஒரு பெரிய பகுதியை அட்லாண்டாவில் ஒரு சவுண்ட்ஸ்டேஜில் (படப்பிடிப்புத் தளம் மாதிரியான பெரிய கூடம்), கச்சேரி மேடைபோல எல்லாவற்றையும் நிறுத்தி, நான்கு பேரும் சேர்ந்து வாசித்து எடுத்தார்கள். இதற்கு நடுவே இரண்டு சாவுகள். 1993 அக்டோபர் கடைசியில் ஸ்டைப்பின் நெருங்கிய நண்பரான நடிகர் ரிவர் ஃபீனிக்ஸ், 1994 ஏப்ரலில் நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன். கோபேனோடு சேர்ந்து ஏதாவது பதிவு செய்யலாம் என்று ஸ்டைப் பேசிக்கொண்டிருந்தார், எப்படியாவது அந்த மனிதரை வீட்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நடக்கவில்லை. ஆல்பத்தை ரிவர் ஃபீனிக்ஸுக்குச் சமர்ப்பித்தார்கள், அவருடைய தங்கை ரெய்ன் ‘பேங் அண்ட் பிளேம்’ பாட்டில் பின்குரல் கொடுத்திருக்கிறார்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நேராக முதலிடம், அமெரிக்காவில் மட்டும் நான்கு மடங்கு பிளாட்டினம், அதாவது நாற்பது லட்சம் பிரதிகள். இந்த எண்ணிக்கையை ஞாபகம் வைத்துக்கொண்டு பழைய சிடி கடைக் கதைக்கு வாருங்கள், ஏனென்றால் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் எடுப்பதே அந்த வாதம்தான். ஆரஞ்சு நிற அட்டை, அதில் கலங்கலாக ஒரு கரடித் தலை. 90-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் எந்தப் பழைய சிடி கடைக்குப் போனாலும் ஆர் எழுத்துப் பகுதியில் அந்த ஆரஞ்சு முதுகுகள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறைக்கு ‘இது வாங்கினவன் திருப்பிக் கொடுக்கிற ஆல்பம்’ என்று மனதில் பதிந்துவிட்டது.

காட்சி உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய கடைக்கு ஒரு சிடி வர வேண்டுமென்றால் முதலில் யாராவது அதைப் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். ஐயாயிரம் பிரதி விற்ற ஆல்பத்தில் பாதிப்பேர் வெறுத்தாலும் அது எந்தக் கடையிலும் குவியாது. ‘மான்ஸ்டர்’ மாதிரி லட்சக்கணக்கானவர்கள் முதல் வாரத்திலேயே, ஒரு பாட்டுகூட முழுதாகக் கேட்காமல், பெயரை நம்பி வாங்கிய ஆல்பத்தில் பத்தில் ஒருவர் திருப்பிக் கொடுத்தாலே நாடு முழுக்க ஆரஞ்சு நிறம் தெரியும். நேரமும் அப்படி அமைந்தது. பழைய சிடி விற்பனை பெரிய வியாபாரமாகத் தலையெடுத்ததே அப்போதுதான். 1993-இல் வார்னர் உட்பட நான்கு பெரிய விநியோக நிறுவனங்கள், பழைய சிடி விற்கும் கடைகளுக்கு விளம்பரப் பணம் தரமாட்டோம் என்று மிரட்டிப் பார்த்தன. கன்ட்ரி இசைப் பாடகர் கார்த் புரூக்ஸ் தன் புது ஆல்பத்தை அப்படிப்பட்ட கடைகளுக்குத் தரக்கூடாது என்று நின்றார். வழக்கு, விசாரணை என்று வந்ததும் நிறுவனங்கள் பின்வாங்கின. அதற்கு அடுத்த வருடம் வந்த ஆல்பம் இது. பிடிக்காத சிடியை நாலு டாலருக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கும் பழக்கம் ஊரெல்லாம் பரவியிருந்த சமயம். ஆக அந்தக் குவியல் சொல்வது இந்த ஆல்பத்தை யார் வாங்கினார்கள் என்பதைத்தான். மாண்டலினுக்கும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆல்பத்தின் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டுக்கும் வந்தவர்கள் வாங்கினார்கள், ஏமாந்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பதினைந்து டாலர் அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை.

அடுத்த குற்றச்சாட்டு, கிரஞ்ச் அலையில், அதாவது சியாட்டில் நகரிலிருந்து கிளம்பிய கரடுமுரடான ராக் பாணியில், தொற்றிக்கொண்டார்கள் என்பது. 1994-இல் எங்கு பார்த்தாலும் டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிட்டார், இவர்களும் சத்தத்தைக் கூட்டினார்கள், அதனால் சந்தர்ப்பவாதம் என்று நிறையப் பேர் சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கிரஞ்ச் குழுக்களான சவுண்ட்கார்டனையோ ஆலிஸ் இன் செயின்ஸையோ போட்டுவிட்டு உங்கள் காதால் ஒப்பிட, உடனே ‘கிரஷ் வித் ஐலைனர்’ போடுங்கள். சியாட்டில் குழுக்களின் கிட்டார் கனமாக, தரையோடு அழுத்திக்கொண்டு வரும், அதன் வேர் பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழுவில் இருக்கிறது. பக் இங்கே வாசிப்பது ட்ரெமோலோ போட்ட கிட்டார், சத்தம் விட்டுவிட்டுத் துடிக்கும், ஒரு ஸ்வரத்தை அடித்தால் அது அலையலையாக ஏறி இறங்கும். இது 70-களின் கிளாம் ராக், நியூயார்க் டால்ஸ், டி. ரெக்ஸ் பக்கத்துச் சொத்து. கண்மையும் பளபளப்புச் சட்டையும் போட்டுக்கொண்டு ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் மேடையில் நின்றவர்களின் இசை. கிரஞ்சின் முக்கியமான பெருமையே ‘நாங்கள் வேஷம் போடுவதில்லை’ என்பதாக இருந்தபோது, இவர்கள் முழுக்க முழுக்க வேஷத்தைப் பற்றியே ஒரு ஆல்பம் செய்தார்கள். அயர்லாந்துக் குழுவான யூ2 முன்பே செய்ததைத்தான் செய்தார்கள் என்று சொன்னாலாவது கொஞ்சம் நியாயம் இருக்கிறது, வேஷம் போட்ட அவர்களின் ‘அக்டங் பேபி’ ஆல்பம் 1991-லேயே வந்துவிட்டது.

அந்த வேஷம்தான் குரல் ஏன் அமுங்கியிருக்கிறது என்பதற்கும் விடை. இந்தப் பாட்டுகளில் பாடுவது ஸ்டைப் இல்லை, ஒவ்வொன்றிலும் வேறு யாரோ. ஒருவரைப் பின்தொடர்ந்து திரிபவர், விடாமல் போன் போட்டுத் தொல்லை செய்பவர், இன்னொருவரின் பெயரையும் உருவத்தையும் எடுத்துக்கொள்பவர், தன்னை யாரோ உபயோகித்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தும் கதவைத் திறப்பவர். ‘டங்’ பாட்டில் முதலிலிருந்து கடைசிவரை கள்ளக்குரலில், ஒரு பெண் பேசுவதாகப் பாடுகிறார். ‘கிரஷ் வித் ஐலைனர்’ பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோவில் ஆசிய முகம் கொண்ட இளைஞர்கள் சிலர் தாங்கள்தான் ஆர்.இ.எம். என்பதுபோல வாயசைத்து ஆடுகிறார்கள், உண்மையான குழு ஓரமாக வந்துபோகிறது. முதல் பாட்டு ‘வாட்ஸ் தி ஃப்ரீக்வென்சி, கென்னத்?’ எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1986-இல் சிபிஎஸ் செய்தி வாசிப்பாளர் டான் ரேதரை மன்ஹாட்டன் தெருவில் ஒருவன் அடித்துக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்டான். ஆனால் பாட்டில் பேசுவது இளையவர்களின் பாஷை புரியாமல் அதைக் கற்றுக்கொள்ள முட்டிமோதும் ஒரு பெரியவர், கடைசிவரை அவருக்குப் புரிவதில்லை. கேட்பவருக்கும் வார்த்தைகள் பாதிதான் கேட்கின்றன. அந்த ஆளுக்கு நடப்பதே உங்களுக்கும் நடக்கிறது. இதே பாட்டின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள், வேகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். யோசித்து அமைத்தது போலவே இருக்கும். பீட்டர் பக் சொல்லியிருக்கிறார்: வாசித்துக்கொண்டிருக்கும்போது மில்ஸ் வேகத்தைக் குறைத்தார், மற்றவர்களும் அவரோடு போனார்கள், பார்த்தால் மனிதரின் முகமே சரியில்லை, குடல்வால் அழற்சி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பாட்டைத் திரும்ப எடுக்கவேயில்லை.

‘லெட் மி இன்’ பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. கோபேனுக்காக எழுதியது. டிரம்ஸ் இல்லை. கிட்டாரை இதில் வாசிப்பது மில்ஸ், அது கிட்டார் மாதிரியே இருக்காது, கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றை முழுச் சத்தத்தில் திறந்துவிட்ட மாதிரி ஒரு சுவராக நிற்கும். அதற்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் ஸ்டைப் உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறார். போகப்போக ஒரு ஆர்கன் மெல்லக் கேட்க ஆரம்பிக்கும். நீங்கள் ‘பாடுபவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை’ என்றீர்களே, இந்தப் பாட்டில் அதுதான் விஷயமே. ஒருவன் அறையைப் பூட்டிக்கொண்டிருக்கிறான், வெளியே இருப்பவன் கத்துகிறான், நடுவில் அந்தச் சத்தம். குரலைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டால் அவன் உள்ளே போய்விட்டான் என்றாகிவிடும். போகவில்லையே. டூரில் இந்தப் பாட்டுக்கு மில்ஸ் கோபேனின் கிட்டாரையே எடுத்து வாசித்தார், கோபேனின் மனைவி கோர்ட்னி லவ் கொடுத்தது.

சரி, பிடிக்காதவர்கள் சொல்வதில் எதுவுமே நியாயம் இல்லையா என்றால், இருக்கிறது. ‘கிங் ஆஃப் காமெடி’ எனக்கும் ஒட்டவில்லை, இயந்திரத் தாளத்தை வைத்துக்கொண்டு அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. ‘சர்க்கஸ் என்வி’ பாட்டும் அப்படித்தான், ‘லெட் மி இன்’ முடிந்த கையோடு அது வருவது காதில் அறைந்த மாதிரி இருக்கிறது. ‘ஸ்ட்ரேஞ்ச் கரன்சீஸ்’ கேட்டவுடன் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ ஞாபகம் வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அதே ஆடும் தாளம், அதே மெதுவான ஏற்றம், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டு எல்லோருக்கும் ஆறுதல் சொல்கிறது. இது, வேண்டாம் என்று சொல்பவரிடம் போய் ஒரு வாய்ப்பு கொடு என்று விடாமல் கேட்கும் ஒருவன். அதே மெட்டின் சாயலில் அதைக் கேட்கும்போது ஒரு சங்கடம் வருகிறது. எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த பாட்டு அது.

டூரில் பார்த்தவர்களின் அபிப்பிராயம் எப்போதுமே வேறாக இருக்கும், அவர்களிடம் கேட்டால் இந்தப் பாட்டுகள் மேடைக்காகவே பிறந்தவை என்பார்கள். அந்த டூர் பட்ட பாடு தனிக்கதை. 1995 மார்ச் 1, ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெர்ரிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து மே மாதமே மறுபடி மேடையேறினார்கள். ஜூலையில் மில்ஸுக்கு வயிற்றில் அறுவை, ஆகஸ்டில் ஸ்டைப்புக்குக் குடலிறக்க அறுவை. அத்தனைக்கும் நடுவில் கச்சேரிகளிலும் ஒலிச்சோதனைகளிலும் புதுப்பாட்டுகளைப் பதிவு செய்து ‘நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை’ என்று 1996-இல் வெளியிட்டார்கள். எனக்கு அவர்களின் சிறந்த ஆல்பங்களில் ஒன்று. ஆனால் ‘மான்ஸ்டர்’ திருப்பிக் கொடுத்தவர்கள் அதை வாங்கவே இல்லை, நான்கு மடங்கு பிளாட்டினம் ஒரு மடங்காக இறங்கிவிட்டது. 1997-இல் பெர்ரியும் விலகினார். இதையெல்லாம் பின்னால் இருந்து பார்ப்பவர்கள் சரிவு ‘மான்ஸ்டரில்’ தொடங்கியது என்று எழுதுகிறார்கள். விற்பனையைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், இசையைச் சொன்னால் இல்லை.

அப்புறம் ரீமிக்ஸ். 25 வருடம் ஆனதையொட்டி 2019 நவம்பரில் பல சிடிகள் அடங்கிய ஒரு பெரிய பெட்டி வெளியிட்டார்கள், அதில் ஸ்காட் லிட் முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். தான் செய்த மிக்ஸ் அவருக்கே பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. கிட்டார் அடுக்குகளில் பலவற்றை எடுத்துவிட்டு, குரலை முன்னால் கொண்டுவந்து, சில இடங்களில் அதுவரை கேட்டிராத குரல் பதிவுகளையே போட்டிருக்கிறார். இது வந்ததும் ரசிகர்கள் மறுபடி இரண்டாகப் பிரிந்தார்கள். ‘இப்போதுதான் பாட்டே கேட்கிறது’ என்று மகிழ்ந்தவர்கள் அநேகமாக ‘ஆட்டோமேட்டிக்’ வழியாக வந்தவர்கள். ‘முகமூடியைக் கழற்றிவிட்டார்களே’ என்று வருந்தியவர்கள் ‘மர்மர்’ காலத்தவர்கள், அல்லது சிறுவயதில் முதன்முதலாகவே ‘மான்ஸ்டர்’ கேட்டு வளர்ந்தவர்கள். நான் இரண்டாவது கூட்டத்தோடுதான் நிற்பேன். ரீமிக்ஸில் ‘கென்னத்’ ஒரு சாதாரண ராக் பாட்டாகிவிடுகிறது. ‘லெட் மி இன்’ அழகாக இருக்கிறது, ஆனால் அழகாக இருக்க வேண்டிய பாட்டு இல்லை அது. ‘ஸ்ட்ரேஞ்ச் கரன்சீஸ்’ மட்டும் விதிவிலக்கு, குரல் பக்கத்தில் வந்ததும் அந்தக் கெஞ்சல் இன்னும் கூடுகிறது.

அந்தப் பாட்டு 2023-இல் ‘தி பேர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசனில் திரும்பத் திரும்ப வந்தது, அதற்கு அப்புறம் இந்த ஆல்பத்தைத் தேடி வருபவர்கள் ஒரு புது ரகம். அவர்களுக்கு ஆரஞ்சுக் குவியலும் தெரியாது, மாண்டலினும் தெரியாது, எதையும் எதிர்பார்த்து ஏமாறாமல் ‘இது நன்றாக இருக்கிறதே, ஏன் திட்டுகிறார்கள்’ என்று கேட்கிறார்கள். இந்தச் சண்டையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் குரல் அவர்களுடையது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. ‘ஆட்டோமேட்டிக்’ முடித்த கையோடு இதைப் போடாதீர்கள், யாருக்கும் அது ஒத்துவராது. முதலில் 2019 பெட்டியில் இருக்கும் 1995 சிகாகோ கச்சேரியைக் கேளுங்கள், அதில் இந்தப் பாட்டுகள் எதற்காகச் செய்யப்பட்டன என்று புரியும். அடுத்து ரீமிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்ச் கரன்சீஸ்’, ‘டங்’ இரண்டை மட்டும், வார்த்தைகள் காதில் ஏற. கடைசியாக 1994 மிக்ஸை முதல் பாட்டிலிருந்து, ஹெட்போன் இல்லாமல், ஸ்பீக்கரில், சத்தம் கூட்டி வைத்து. ‘கிங் ஆஃப் காமெடி’ வரும்போது வேண்டுமானால் தாண்டிவிடுங்கள், நானும் தாண்டிவிடுவேன்.